மணிபிளாண்ட்டுக்குப் போட்ட மாத்திரைகள்

நிக்டி, புனே
மே 19, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. ரவிசந்திரன் அவர்களுக்கு,

புனே ஜெகதீசன் இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் வனஜாவும் நலம் என்று முதலில் எழுதியிருந்தேன். மேலே அடித்திருப்பது அதுதான். வனஜா நலம். என்னைப் பற்றிக் கீழே விவரமாக வருகிறது. தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை நிர்மலும் எங்கள் அகல்யாவும் கோவையில் சௌக்கியமாக இருக்க வேண்டும். இதைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. இந்தக் கடிதத்தின் காரணமே அதுதான்.

இன்று காலை தங்கள் செல்போனுக்கு நான் அனுப்பிய செய்தி தங்களைத் திடுக்கிட வைத்திருக்கும். ‘மாத்திரையை உடனே மறுபடி போடவும். ஞாயிறு கூட்டம் வேண்டாம். விவரம் கடிதத்தில்.’ இதை எழுதி அனுப்பிவிட்டுப் போனை அணைத்து, பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். போனில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் கேட்பது நியாயம். பேசத்தான் நேற்று மூன்று முறை கூப்பிட்டேன். முதல் முறை கோவையில் மழையா என்று கேட்டேன். இரண்டாம் முறையும் அதையே கேட்டேன். மூன்றாம் முறை தாங்களே சிரித்துவிட்டு, “ஏனுங்க சம்பந்தி, காலையிலிருந்து மழையவே விசாரிக்கறீங்க, இங்க தோட்டம் கீட்டம் வாங்கப் போறீங்களா?” என்றீர்கள். அவ்வளவு பிரியமாகச் சிரிக்கிற மனிதரிடம் நான் சொல்ல வந்ததைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் எழுதுகிறேன். ஸ்பீடு போஸ்ட் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும் என்றார்கள்.

விஷயம் இதுதான். நான் மாத்திரையை நிறுத்தவில்லை. தை மாதம் தங்கள் புதுவீட்டுப் பால்காய்ச்சலுக்கு வந்தபோது பந்தியில் உட்கார்ந்து, எடை தூக்கித் தூக்கியே சர்க்கரையை விரட்டிவிட்டேன், மாத்திரையைத் தொட்டு மாதக்கணக்கில் ஆயிற்று என்று நான் சொன்னது பொய். சொல்வதற்குப் பத்து நிமிடம் முன்புதான் கை கழுவும் இடத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஒரு மாத்திரையை விழுங்கியிருந்தேன்.

முழுப் பொய்யாக இருந்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. முக்கால்வாசி உண்மை என்பதுதான் என்னைத் தின்கிறது. எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடமாகிறது. கம்பெனியில் டூல்ரூம் சூப்பர்வைசராக இருந்தபோதே வந்தது. ஓய்வு பெற்ற பிறகு டாக்டர் என் கையையும் காலையும் அமுக்கிப் பார்த்து, “நடக்கிறீங்க, சரி. தசை எங்க? தசை இருந்தாதானே சர்க்கரை செலவாகும்? வெயிட் தூக்கிப் பழகுங்க” என்றார். சென்ற ஜூலையில் இங்கே ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாள் இஸ்திரி போட்ட பேன்ட், இன் செய்த சட்டை, தோல் பெல்ட் சகிதம் போய் நின்றேன். அங்கே பயிற்சி தருகிற ப்ரீதி என்ற மராட்டிய அம்மாள், நாற்பதை நெருங்கும் வயது, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “காகா, இங்கயும் பெல்ட் போடுவோம். ஆனா அது வேற பெல்ட்” என்று இந்தியில் சொன்னார். இங்கே பெரியவர்களைக் காகா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வாரம் வெறும் கம்பியைத் தூக்கியே, வீட்டில் தலை சீவக் கை மேலே போகாமல் வனஜாதான் சீவிவிட்டாள். ஆனால் விடவில்லை. ஐந்து மாதத்தில் நாற்பது கிலோவைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கினேன். தங்களிடம் எண்பது என்று சொன்னேன், அதையும் இங்கேயே திருத்திக்கொள்ளவும். டிசம்பரில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தோளில் தட்டி, இரண்டாக இருந்த மாத்திரையை ஒன்றாகக் குறைத்தார். ஒன்றாக, சம்பந்தி. அந்த ஒன்றோடு நான் நின்றிருந்தால் இன்று இப்படித் தலை குனிந்து எழுத வேண்டியிருக்காது.

அன்று பந்தியில் என்ன நடந்தது என்று தாங்கள் மறந்திருக்கலாம். எனக்கு ஒவ்வொரு நொடியும் நினைவிருக்கிறது. இலையில் ஜாங்கிரி விழுந்தது. தாங்கள் தங்கள் சர்க்கரை மாத்திரை டப்பாவைத் திறந்தபடி பேச்சுவாக்கில் என் புஜத்தைப் பிடித்தீர்கள். பிடித்தவர் விடவில்லை. “ஏனுங்க, கட்டையாட்ட இருக்குதே!” என்று சொல்லித் தம்பியைக் கூப்பிட்டீர்கள். அவரும் அமுக்கிப் பார்த்தார். அவர் மச்சினரும் வந்தார். கடைசியில் சாம்பார் வாளியோடு நின்ற பெரியவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு முறை அமுக்கினார். எனக்குக் கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடம். கம்பெனியில் முப்பத்தைந்து வருட சர்வீஸ். இத்தனை காலத்தில் என்னிடம் இருந்த எதையும் ஒருவர் தொட்டுப் பார்த்து இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டியது கிடையாது. அந்த நேரம் பார்த்துத் தாங்கள், “உங்க மாத்திரை போட்டாச்சுங்களா?” என்று கேட்டீர்கள். போட்டாச்சு என்று சொன்னால் என் கை அந்த இடத்திலேயே சாதாரணக் கையாகிவிடும் என்று தோன்றியது. “அதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு சம்பந்தி” என்றேன். சொன்னது நான்தான். ஆனால் என் குரலை நானே அன்றுதான் முதல் தடவை அவ்வளவு கம்பீரமாகக் கேட்டேன்.

ஊருக்குத் திரும்பும் ரயிலிலேயே மறந்துவிட்டேன். தாங்களும் மறந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். தாங்கள் முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர் என்பதும், கேட்டதை எல்லாம் குறிப்பெடுத்துக்கொள்பவர் என்பதும் என் புத்திக்கு எட்டவில்லை. பிப்ரவரியில் தாங்கள் டம்பெல்ஸ் வாங்கிய படம் குடும்பக் குழுவில் வந்தது. மூன்று கிலோவில் இரண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. அடியில், ‘சம்பந்தி வழியில். மாத்திரைக்கு இன்று விடை கொடுத்தேன்.’ அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டை விரல் போட்டேன். பிறகு ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அகல்யா போன் செய்யும்போதெல்லாம், “மாமா எப்படிம்மா இருக்கார்? நடக்கிறாரா? கண்ணு நல்லாத் தெரியுதா?” என்று விசாரித்தேன். அவள், “நல்லாத்தான்பா இருக்காரு, ஏன் தினமும் கேக்கறீங்க?” என்றாள்.

மார்ச் கடைசியில் தங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் குழுவில் வந்தது. வெறும் வயிற்றில் நூற்றுப் பதினெட்டு. மாத்திரை இல்லாமல்! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். நூற்றுப் பதினெட்டேதான். இந்த இடத்தில்தான், சம்பந்தி, ஒரு மனிதன் தான் சொன்ன பொய்யைத் தானே நம்ப ஆரம்பித்தான். பொய்யாகச் சொன்ன வைத்தியம் பலித்துவிட்டதே! மூன்று கிலோ டம்பெல்லுக்கே இவருக்கு நூற்றுப் பதினெட்டு என்றால், நாற்பது கிலோ தூக்குகிற எனக்கு என்ன வராது? நான் ஏன் மாத்திரை போட வேண்டும்? உண்மையில் நான்தானே இதைக் கண்டுபிடித்தவன்?

ஏப்ரல் ஐந்தாம் தேதி நிறுத்தினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. வனஜாவிடமும் சொல்லவில்லை. அவள் தினமும் காலையில் டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, மாத்திரையைப் பால்கனியில் இருக்கும் மணிபிளாண்ட் தொட்டியில் விரலால் குழி தோண்டிப் புதைத்துவிடுவேன். அதுவரை மாத்திரை போடுவதைத் தங்களிடம் மறைத்தேன். அன்றிலிருந்து மாத்திரை போடாததை வனஜாவிடம் மறைத்தேன். போதாததற்கு ஹாபுஸ் மாம்பழ சீசன் தொடங்கிவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் ரத்னகிரியிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்தார்கள். குணமாகிவிட்டவன் ஒரு பழம் சாப்பிட்டால் என்ன என்று ஆரம்பித்தது, அவர்கள் வீட்டில் பூரியும் மாம்பழச் சாறும் என்று போய், எங்கே நின்றது என்று எழுத எனக்குக் கை கூசுகிறது.

உடம்பு சொல்லத்தான் செய்தது. இரண்டு தண்ணீர் பாட்டில் இல்லாமல் கீழே இறங்க முடியவில்லை. எல்லாம் வெயிலால் என்றேன். பேப்பரில் எழுத்து மங்கியது. மை சரியில்லை என்றேன். எடை இரண்டு கிலோ குறைந்தது. அதைக் குழுவில் போட்டேன், தாங்கள் கைதட்டல் போட்டீர்கள்.

சென்ற வாரம் திங்கட்கிழமை காலை ஜிம்மில் கம்பிக்கு இரண்டு பக்கமும் பத்து கிலோ தட்டு மாட்டுவதாக நினைத்து, ஒரு பக்கம் பத்தும் ஒரு பக்கம் இருபதும் மாட்டிவிட்டேன். எண் தெரியவில்லை, சம்பந்தி. எல்லாம் ஒரே மங்கலாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஜெயசீலன் நின்றிருந்தார். தேஹு ரோடில் குடியிருக்கும் நம் தமிழர். என்னோடு கம்பெனியில் இருந்தவர். என் பேச்சைக் கேட்டுத்தான் ஜிம்மிலேயே சேர்ந்தார். அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு மூச்சு இழுத்துத் தூக்கினேன். கம்பி ஒரு பக்கம் சாய்ந்தது. இருபது கிலோ தட்டு கழன்று கீழே விழுந்து, படுக்காமல், சக்கரம்போல உருண்டு, கண்ணாடி முன்னால் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த இரண்டு பெண்களுக்கு நடுவே நேராகப் போய், தண்ணீர் கேனை இடித்துச் சாய்த்துவிட்டுத்தான் படுத்தது. மறு பக்கத் தட்டு என் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. யாருக்கும் அடியில்லை. நான் அந்தத் தண்ணீரிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை.

ப்ரீதி ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்தார், காலியாகக் கிடந்த இரண்டு பாட்டிலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தன் பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து என் விரலில் குத்தினார். அவருக்குப் பதினொரு வயதிலிருந்தே சர்க்கரை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு நாளைக்கு நாலு ஊசி போட்டுக்கொண்டு நூறு கிலோ தூக்குகிறார். மெஷினில் முந்நூற்று அறுபத்தெட்டு வந்தது. அவர் அதை வாய்விட்டுப் படித்தார். ஜிம்மில் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

ஜெயசீலன் கேட்டார்: “அண்ணே, நீங்கதான மாத்திரையே இல்லாம குணமாயிட்டேன்னு சொன்னீங்க? அப்ப இது என்னண்ணே?” கேலியாகக் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டாவது தப்பித்திருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவருக்கும் சர்க்கரை இருக்கிறது.

ப்ரீதி என் பக்கத்தில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: “காகா, என் இன்சுலின் அதோ அந்த ஃப்ரிட்ஜில, எல்லாரோட மோர் பாட்டிலுக்கும் நடுவுல இருக்கு. உங்க மருந்து எங்க இருக்கு?”

மணிபிளாண்ட் தொட்டியில் இருக்கிறது என்று இந்தியில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தமிழில் ஜெயசீலனிடம் சொன்னேன். அவர் மொழிபெயர்த்தார். எனக்கு நேர்ந்த அவமானத்தை இன்னொருவர் மொழிபெயர்த்துச் சொல்வதை உட்கார்ந்து கேட்டேன். ஒரு முறை இந்தியில். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்பதால் இன்னொரு முறை மராட்டியில்.

ஜெயசீலன் தன் ஸ்கூட்டரில் என்னை டாக்டரிடம் கொண்டுபோய்விட்டு, வனஜாவையும் வரச் சொன்னார். டாக்டர் திட்டியதை எழுதினால் தனியாக ஒரு கடிதம் வேண்டும். சுருக்கமாக: எடை தூக்கியது தப்பில்லை, அதனால்தான் இத்தனை நாள் தாக்குப்பிடித்தேன், மாத்திரையைக் கேட்காமல் நிறுத்தியதுதான் தப்பு, இப்போது மறுபடி இரண்டு. டிசம்பரில் அரும்பாடுபட்டுக் குறைத்ததை நானே போய்த் திருப்பி வாங்கி வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் வனஜா பால்கனிக்குப் போய் ஒரு ஸ்பூனால் தொட்டியைக் கிளறினாள். முப்பத்தாறு நாள் மாத்திரை, பாதி கரைந்து பாதி கரையாமல் மண்ணெல்லாம் வெள்ளையாக இருந்தது. ஸ்பூனைத் தொட்டி விளிம்பில் தட்டினாள். பிறகு, “அதான் பாத்தேன், செடி மட்டும் ஏன் இப்படித் தளதளன்னு வளருதுன்னு. அதுக்கு சுகர் நார்மலா இருக்கும்” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “தினமும் நான் கையில குடுத்தேனே. எம்முன்னாடிதானே தண்ணிய குடிச்சீங்க” என்று மட்டும் சொன்னாள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாற்பது பேரைக் கூட்டி, வரும் ஞாயிற்றுக்கிழமை ‘மாத்திரைக்கு விடை’ என்று தாங்கள் பேசப் போவதாகவும், நான் வீடியோவில் வந்து கையை மடக்கிக் காட்ட வேண்டும் என்றும் முந்தாநாள் அழைப்பிதழ் அனுப்பியிருந்தீர்கள். அதில் என் பெயருக்கு முன்னால் ‘வழிகாட்டி’ என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்தபோது எனக்கு அந்த நாற்பது பேரும் தண்ணீரில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. கூட்டத்தை ரத்து செய்துவிடுங்கள். தங்களுக்கு எப்படி நூற்றுப் பதினெட்டு வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. தங்கள் உடம்பு அபூர்வமான உடம்பாக இருக்கலாம், ஆனால் அதை நம்பி இன்னும் ஒரு நாள்கூட மாத்திரை இல்லாமல் இருக்க வேண்டாம். டம்பெல்லை விட வேண்டாம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு டம்பெல்லைத் தூக்குங்கள். என் மேல் கோபம் வரும். வரட்டும். பெண்ணைக் கொடுத்த இடத்தில் பொய் சொன்னவன் என்று தங்கள் தம்பிக்கும், அவர் மச்சினருக்கும், சாம்பார் வாளி பெரியவருக்கும் சொல்லிவிடுங்கள். அந்தப் பொய்க்காக அகல்யாவை மட்டும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டாம். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் அகல்யாவுக்கும் எங்கள் ஆசிகள், அவற்றை வாங்கிக்கொள்ள இன்னும் மனமிருந்தால். தங்களுக்கு நூறு வயது ஆயுளும், அதில் ஒவ்வொரு நாளும் வேளாவேளைக்கு மருந்தும் அமைய வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியில்லாத,
ஜெகதீசன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வனஜாவின் போனில் அகல்யா கூப்பிட்டாள். எடுத்ததுமே, “அப்பா, போனை ஏன் ஆஃப் பண்ணி வெச்சீங்க? காலையில என்ன மெசேஜ் அனுப்பினீங்க? இங்க வீடே ரணகளம்” என்றாள். ஆகவே மேலே நான் கேட்டுக்கொண்டபடி எதையும் செய்துவிட வேண்டாம், முக்கியமாக மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுவிட வேண்டாம், தாங்கள் அதை ஒரு நாள்கூட நிறுத்தவேயில்லை என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கை கழுவும் இடத்தில் நான் மாத்திரை விழுங்கியதை அகல்யா பார்த்திருந்தாளாம், பந்தியில் நான் பொய் சொன்னபோதும் பின்னால் பாயச வாளியோடு நின்றிருந்தாளாம். தாங்கள் மாத்திரையை விட்ட அன்றே அவள் சம்பந்தியம்மாவிடம் போய், “அத்தை, எங்கப்பா சொன்னது பொய்” என்று சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து முட்டி வலிக்குக் கால்சியம் என்று சம்பந்தியம்மா தங்கள் கையில் கொடுப்பது பழைய மாத்திரையேதான். இன்று காலை என் செய்தியைப் பார்த்துத் தாங்கள் அட்டையைத் தேடி எடுத்து இன்னொன்றை வாயருகே கொண்டுபோனபோது, அவர் தோசைத் திருப்பியோடு ஓடி வந்து கையைத் தட்டிவிட வேண்டியதாயிற்றாம். சம்பந்தியம்மாவைக் கோபிக்க வேண்டாம். நூற்றுப் பதினெட்டு அவர் வாங்கிக் கொடுத்தது.

மத்தியானம்வரை தாங்கள் யாரோடும் பேசவில்லை என்றும், சாப்பிட உட்கார்ந்ததும் அகல்யாவிடம், “பாவம், உங்கப்பனுக்கு இப்ப எவ்வளவு இருக்குதாம்? கேட்டுச் சொல்லம்மா” என்றீர்கள் என்றும் சொன்னாள். தாங்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நூற்று அறுபத்தேழு, சம்பந்தி. இன்று காலை, வெறும் வயிற்றில். வனஜாவும் கூட நின்று பார்த்தாள்.